தை வெயிலுக்கு ஏற்ற துவக்கு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் திருடினேன். என் தங்கை மயூராவின் கணவர் கேதீஸ்வரனிடமிருந்து, போன மார்கழியில், சிட்னி பிளாக்டவுனில் அவர்களுடைய குசினியில் உட்கார்ந்து, அவர் போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே திருடினேன்.

கேதீஸுக்கு ஒரு சிறிய பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை. கடைகளிலும் கிளப்புகளிலும் காசுப் பைகளை எடுத்து வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். கவச வண்டி கிடையாது, சீருடை கிடையாது. ஒரு பழைய வெள்ளைக் கார், சாதாரண சேட், சேட்டுக்குள் இடுப்பில் ஒரு கைத்துவக்கு, பிஸ்டல். யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பாம். கவச வண்டியைவிட இது மலிவு என்பதை முதலாளி சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

துவக்குக்கு உரிமம் உண்டு, ஆனால் வேலை நேரத்துக்கு மட்டும்தான். வேலை முடிந்ததும் அது நிறுவனத்தின் பெட்டகத்துக்குள் போய்விட வேண்டும். வேலைக்கு நடுவிலும் வீட்டுக்கோ வேறெங்காவதோ கொண்டுபோனால் குற்றம். இதை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள்.

2.

தொடக்கங்கள்:

(அ) வெயில் நாற்பத்து மூன்று பாகை. கேதீஸ்வரன் மேசையில் கிடந்த மூன்று துவக்குகளையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றில் ஒன்று அவனுடைய உயிரை

[நிறுத்திவிட்டேன். கேதீஸ் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை.]

(ஆ) வன்னிக் காட்டில் கடைசியாகத் துவக்கைத் தொட்டபோது அவனுக்கு வயது

[இந்த வரி என்னுடையது அல்ல. மெல்பேர்னில் ஆண்டு மலர் போடும் சிறீஸ்கந்தராசாவுடையது. ஸ்பிரிங்வேலில் இருந்து தொலைபேசியில் சொன்னார்: "தங்கச்சி, துவக்கு இருக்கு, ஆள் எங்கட ஆள். அப்ப இயக்கம் வராமல் எப்பிடி? வாசகர் ஏமாந்துபோவினம்."

ஏமாறட்டும். கேதீஸ் இந்த நாட்டுக்குக் கணக்கியல் படிக்க வந்தவர். முப்பத்தெட்டு வயதில், சிட்னிக்கு வெளியே ஒரு பயிற்சிக் கூடத்தில்தான் முதன்முதலாகத் துவக்கைக் கையில் எடுத்தார். கணக்கியலில் வேலை கிடைக்காத ஒரு தமிழன் துவக்குத் தூக்கினால் அதற்கும் போர்தான் காரணமாக இருக்க வேண்டுமா? இருபது வருடமாக இந்த மலர்களில் நாங்கள் ஒரே பிணத்தை எழுப்பி எழுப்பிப் படுக்க வைக்கிறோம். எனக்கு அலுத்துவிட்டது. "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று வைத்துவிட்டேன்.]

(இ) நல்ல தொடக்கம் ஒன்று இருக்கிறது. அது ஒரு தொலைபேசி அழைப்பு. அதை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

3.

துவக்குத் தெரிவு. இதுதான் நான் எழுத வந்த விடயம்.

குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை. ஜக்கெட் போட்டால் எல்லாம் மறைந்துவிடும். மார்கழி பிறந்து, இந்த நாட்டில் கோடை வந்து, மேற்குச் சிட்னி கொதிக்கத் தொடங்கினால் ஜக்கெட் போட்டவன்தான் எல்லார் கண்ணிலும் படுவான். கிளப் வாசலில் எல்லாரும் பெனியனோடு நிற்க இவர் மட்டும் ஜக்கெட்டோடு இறங்கினால், என்னிடம் ஏதோ இருக்கிறது என்று தானே சொல்லிக்கொடுத்தது போல ஆகும். முதலாளி ஜக்கெட்டை நிறுத்தினார். மூன்று துவக்குகளை மேசையில் வைத்தார், பெரியது, நடுத்தரம், சிறியது. ஒன்றைத் தெரிந்தெடு என்றார்.

"பெரிசு கைக்கு வாசி, மச்சாள்," என்றார் கேதீஸ். "ஆனால் பையைத் தூக்கக் குனிஞ்சால் சேட்டிலை அச்சாத் தெரியும். ஆகச் சின்னனெண்டால் கடைசி விரலுக்கு இடமில்லை, சுடேக்கை துள்ளும்."

"அப்ப நடுவிலான்?"

"தடிப்பு. வேர்வைக்குச் சேட் ஒட்டினால் சரி, சரித்திரம் முடிஞ்சுது." சிரித்தார். "நான் சின்னனைத்தான் எடுத்தனான். பத்து வருசத்திலை ஒருக்காக்கூட இழுக்கேல்லை. இழுக்கிறதுக்கில்லை மச்சாள், தெரியாமல் இருக்கிறதுக்குத்தான் தெரிவு."

அதற்குப் பிறகு ஒரு கிழமை சேட் தேடினாராம். ஒரு அளவு பெரிதாக, வெளியே விடுகிற மாதிரி, மெல்லிய பருத்தியில், ஆனால் ஒளி ஊடுருவாததாக. வெள்ளை சரிவராது, வியர்வையில் கண்ணாடியாகிவிடும். கடைசியில் கடும் நீலத்தில் பூப்போட்ட அரைக்கை சேட் நான்கு வாங்கினார். மயூரா குறுக்கே புகுந்தாள். "என்ர கலியாணத்துக்கு உடுப்பெடுக்க இந்த மனுசன் பத்து நிமிசம் கூடச் செலவழிக்கேல்லை, அக்கா."

செய்து காட்டச் சொன்னேன். அவர் ஏசியின் ரிமோட்டை இடுப்பில் செருகி, சேட்டை இழுத்து விட்டு, குசினிக்கும் ஹோலுக்கும் இடையே நடந்தார். குனிந்தார். மேல்தட்டில் இருந்து பிஸ்கற் டின்னை எட்டி எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. மயூரா கைதட்டினாள். நான் தொலைபேசியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

* அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது. "எந்த இடத்தில் இதை மறைக்கவே முடியாது? யோசி."

4.

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். எல்லாப் பிரதியிலும் மனைவியின் அக்கா என்று ஒருத்தி வந்துகொண்டே இருக்கிறாள். மூன்று முறை வெட்டினேன். கதைக்கு அவள் தேவையில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். கெல்லிவில்லில் வசதியாக இருக்கிறாள், எழுதுகிறாள், தங்கை வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தங்கை வீட்டைக் கதையாக்குகிறாள். அவளை யாருக்குப் பிடிக்கும்? எனக்கே பிடிக்கவில்லை. அவளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வெட்டினால் ஐந்தாம் பகுதியில் ஒரு ஓட்டை விழுகிறது. பாருங்கள்.

5.

(அக்கா இல்லாத பிரதி)

தைப்பொங்கல். நாற்பத்து மூன்று பாகை. வெளியில் நெருப்பு மூட்டத் தடை என்பதால் பொங்கல் கோயில் மடைப்பள்ளிக்குள்ளேயே பொங்கியது. உள் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். மயூரா தூண் ஓரம் மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கேதீஸ்வரன் வேலை நடுவில் சாமி கும்பிட வந்தான். நீலப் பூச்சேட். உள் மண்டப வாசலில் கோபாலகிருஷ்ணன் அங்கிள் மறித்தார். பன்னிரண்டு வருடமாக அந்த வாசலில் தொண்டு செய்கிறவர்.

"தம்பி, சேட்டைக் கழட்டிப்போட்டுப் போங்கோ."

"அவசரம் அங்கிள். மனுசிக்கு ஏலாதாம். விடுங்கோ."

"அதுக்கென்ன, கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடுங்கோ. நில்லுங்கோ, நான் உதவுறன்."

அங்கிள் கெட்டவர் இல்லை. எத்தனையோ பேரின் சேட்டைத் தன் கையால் உருவி மடித்து வைத்தவர். பின்னால் சேட் விளிம்பைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார். மேளம் நின்றது. முதலில் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு எல்லாரும் பின்னால் போனார்கள். கேதீஸ்வரன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, என்ர வேலைச் சாமான்" என்று சொல்லிக்கொண்டு நின்றான்.

பதினைந்து நிமிடத்தில் பொலிஸ் வந்தது. வெளியே, செருப்புகளுக்கு நடுவே அவனை முகம் குப்புறப் படுக்க வைத்தார்கள். அந்தச் சீமெந்துத் தரையில் வெறும் காலையே வைக்க முடியாது. அவன் மார்போடு கிடந்தான்.

ஓட்டை தெரிகிறதா? தெரியாமல் இருக்க ஒரு கிழமை சேட் தேடியவன், ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டிய ஒரே இடத்துக்கு, பொங்கலன்று, துவக்கோடு சாமி கும்பிட வருவானா? "மனுசிக்கு ஏலாதாம்" என்றான். மனுசி மோர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் அவன் பொய்யன். பொலிஸ் அப்படித்தான் எழுதியது. கோயில் நிர்வாகமும் அப்படித்தான் பேசியது. நிறுவனம் அன்று பின்னேரமே இரண்டு வரியில் செய்தி அனுப்பி அவனைக் கைகழுவியது. பத்து வருட வேலைக்கு இரண்டு வரி. அதில் ஒரு வரி, அடையாள அட்டையைத் திருப்பித் தரச் சொல்லி.

6.

சரி. (இ).

பகல் பன்னிரண்டு மணி பத்து. மனைவியின் அக்கா கோயில் தூணில் சாய்ந்து நின்று கேதீஸுக்கு அழைத்தாள்.

"கேதீஸ், எங்க நிக்கிறியள்?"

"கிட்டத்தான் மச்சாள். ஒரு கடை முடிச்சு அடுத்ததுக்குப் போறன்."

"மயூராக்குத் தலை சுத்துது. விழப் பாத்தவள். உடனே வாங்கோ."

"அம்புலன்ஸுக்கு அடிச்சியளோ?"

"நீங்கள் வாங்கோ முதல்."

மயூராவுக்குத் தலை சுற்றவில்லை. காலையில் வெயிலில் கொஞ்சம் தலையிடி என்றாள், அவ்வளவுதான். அக்காவுக்கு அந்தத் தலையிடி போதுமாக இருந்தது. கதை மூன்றாம் பகுதியோடு நின்றுபோயிருந்தது. மறைக்கவே முடியாத இடத்தில் அந்த மனிதன் என்ன செய்வான், வாசலில் எப்படி நிற்பான், கை எங்கே போகும் என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. வருவார், தயங்குவார், வெளியே நின்று மயூராவைக் கூப்பிடுவார், எல்லாரும் சிரிப்போம், கதைக்கு ஒரு பந்தி, ஐந்தாறு வரி, கிடைக்கும். அங்கிளின் கை அவளுடைய திட்டத்தில் இருக்கவில்லை.

அவள் என்று எழுதிக்கொண்டே போகிறேன். நான்தான். என் பெயர் நிரஞ்சினி.

சேட் தூக்கப்பட்டபோது நான் அலறவில்லை. தொலைபேசியில் "வலது இடுப்பு, கொஞ்சம் பின்னால்" என்று தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பொலிஸ்காரி மயூராவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், உனக்கு மயக்கம் வந்ததா என்று. மயூரா உள்ளதைச் சொன்னாள். இல்லை, நான் நல்லாத்தான் இருக்கிறேன், நான் யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. பொலிஸ்காரி என்னிடமும் கேட்டாள், நீ அவருக்கு அழைத்தாயா என்று. அழைத்தேன் என்றேன். எதற்கு என்றாள். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபோர் எ பூஜை," என்றேன்.

அவ்வளவுதான். என்னை யாரும் சோதிக்கவில்லை. அந்த வாசலில் பெண்கள் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

7.

பிணையில் வந்த மறுநாள் கேதீஸ் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"மச்சாள், மயூராக்குத் தலை சுத்துதெண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்?"

"எனக்கு வடிவா ஞாபகமில்லை, கேதீஸ்."

நீலத்தில் எத்தனை பூ என்றுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் "சரி மச்சாள், போட்டு வாறன்" என்றார். திட்டியிருந்தால் நல்லது. இன்றுவரை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுவும் எனக்குக் கோபமாக வருகிறது.

மயூரா அவரோடு பேசுவதில்லை. மூன்று மாதம். "நீங்கள் பூசைக்கெண்டு கூப்பிட்டதுக்கு, கோயிலிலை வைச்சு என்னைச் சாட்டிப் பொய் சொல்லிப்போட்டார், அக்கா," என்று என் மடியில் படுத்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை வழக்கு. சட்டத்தரணி தர்சினி போன மாதம் எனக்கு அழைத்தார். "அன்ரி, அவசரமெண்டு யாரோ கூப்பிட்டதாலைதான் வந்தவர் எண்டு காட்டினால் கேஸ் வேற மாதிரிப் போகும். கோல் ரெக்கோர்ட்டிலை உங்கட நம்பர் இருக்கு. என்ன கதைச்சனீங்கள் எண்டு ஒரு ஸ்டேட்மன்ட் தருவியளோ?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சிறீஸ்கந்தராசாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

முடிவுகள் சில முயன்றேன்.

முதலாவதில் தர்சினி வேறு ஏதோ ஆதாரத்தைக் கண்டுபிடிக்கிறார், கேதீஸ் தப்புகிறார், அக்காவைப் பற்றிப் பேச்சே இல்லை. [வெட்கமில்லாத முடிவு. இரண்டு நாள் இதை வைத்திருந்தேன்.]

இரண்டாவதில் அக்கா நீதிமன்றத்தில் எழுந்து நின்று அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறாள், தங்கை ஓடி வந்து [நாடகம். மயூரா ஓடி வர மாட்டாள்.]

மூன்றாவதில் சிறீஸ்கந்தராசா கேட்டபடி கேதீஸுக்குப் பழைய இயக்க வாழ்க்கை ஒன்றைக் கொடுக்கிறேன். அப்போது அவர் ஏன் துவக்கோடு வந்தார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் விளங்கிவிடும். என்னுடைய அழைப்பு கதைக்குள் எங்கேயோ மறைந்துபோகும், குனிந்தாலும் தெரியாது. இதை முழுதாக எழுதினேன். நன்றாக வந்தது. வாசித்துப் பார்த்தபோது எனக்கு என் மேல் வந்த கோபம் சிறீஸ்கந்தராசா மேல்கூட வந்ததில்லை.

8.

மேசையில் ஒற்றைத் தாள் ஒன்றும் ஒரு கட்டுத் தாளும் இருக்கின்றன. ஒன்று ஸ்டேட்மன்ட். நான்கு வரி. "நான், நிரஞ்சினி, ஜனவரி பதினான்காம் திகதி பகல் பன்னிரண்டு மணி பத்துக்குக் கேதீஸ்வரனை அழைத்து, அவருடைய மனைவிக்கு மயக்கம் என்று பொய் சொன்னேன்" என்று தொடங்குகிறது. என் எழுத்தில் உவமை இல்லாத முதல் வரி அதுதான். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

மற்றது இந்தக் கதை. நான்கு வரிக்கு எனக்கு மூன்று கிழமை போனது. இந்தப் பிரதியை நான்கு நாளில் எழுதிவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. இரண்டையும் எடுத்துக்கொண்டு பிளாக்டவுனுக்குப் போய் மயூராவின் கையில் கொடுப்பதாக உத்தேசம். கதவைத் திறந்ததும் அவள் "உள்ளுக்கு வாங்கோ அக்கா, சாப்பிட்டியளோ" என்றுதான் கேட்பாள். அதற்குப் பிறகு அவள் என்ன

[இதை எழுத மாட்டேன். அவளுடைய வாயில் வார்த்தை வைக்கும் உரிமையை நான் பொங்கலன்றே செலவழித்துவிட்டேன்.]

சிறீஸ்கந்தராசாவின் கடைசித் தவணையும் இன்றைக்குத்தான். மின்னஞ்சலில் கோப்பை இணைத்து வைத்திருக்கிறேன், ஒரு விரல் போதும்.

ஆகவே, வாசகரே, இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. மயூரா முழுவதையும் வாசித்து, ஸ்டேட்மன்ட் தர்சினியிடம் போய்ச் சேர்ந்து, இதை அச்சிட அவர்கள் இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். அல்லது நான் பிளாக்டவுனுக்குப் போகவேயில்லை, கதை நன்றாக வந்திருக்கிறது என்று மலருக்கு அனுப்பிவிட்டேன்.

இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்கிறீர்கள். கதையில் ஒரு பந்திக்காக நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். எது நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.