புதிதாக வைத்த தூண்

காலை ஆறரைக்கு நான் வேலை முடிந்து வருவேன். எட்டு மணிக்கு அண்ணன் வேலைக்குக் கிளம்புவான். இருவருக்கும் ஒரே கிடங்கு. நான் இரவில் கையில் ஸ்கேனரோடு சரக்கு எடுத்து நடப்பவன். அவன் பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வோம்.

பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடும் விளையாட்டுதான். பாதித் திரை அவனுக்கு, பாதி எனக்கு. நான் இரண்டாம் ஆண்டில் கல்லூரியை விட்டதற்கு இதுதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். இல்லை. கல்லூரிதான் காரணம்.

இப்போது அதை ரீமாஸ்டர் செய்து, படத்தை மட்டும் புதுப்பித்து விட்டிருக்கிறார்கள். சுவரில் ஈரம் மின்னுகிறது, தண்ணீரில் வானம் தெரிகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் பூச்செல்லாம் உதிர்ந்து பழைய கட்டம் கட்டமான படம் வந்துவிடும். அடியில் இருப்பது அதே கட்டடம், அதே படிக்கட்டு. அதற்காகத்தான் மறுபடி வாங்குகிறார்கள். மூளை மரத்துப்போனாலும் விரல்களுக்கு வழி தெரியும். எனக்கு அது போதும்.

அண்ணன்தான் எப்போதும் ஜெயிப்பான். நான் எங்கே ஒளிவேன் என்று அவனுக்கு இருபது வருடமாகத் தெரியும்.

"செத்தியா, ஆந்தை? போய்த் தூங்கு."

"பின்னால வந்து சுடுறதெல்லாம் ஒரு வீரமா?"

"ஏழு கழுதை வயசாச்சு ரெண்டு பேருக்கும்," என்று சமையலறையிலிருந்து அண்ணி கத்துவாள். "கொன்னு முடிச்சிட்டு சாப்பிட வாங்க."

புதுப்பித்தவர்கள் ஒரே ஒரு பொருளைக் கூடுதலாக வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில் ஒரு தூண். பழைய படத்துக்கு மாற்றினாலும் அது அங்கேயே நிற்கும். முதல் நாள் அண்ணன் அதில் முட்டியபோது சிரித்தேன். நான்காம் நாளும் முட்டினான்.

"கன்ட்ரோலர் ஒரு பக்கமா இழுக்குதுடா."

அந்தக் கன்ட்ரோலரில் கோளாறு எதுவும் இல்லை. முதல் நாள் நான் அதில்தான் ஆடினேன்.

பட்டனை அழுத்தினேன். திரை முழுக்கப் பழைய படம். தண்ணீர் இருந்த இடத்தில் தட்டையான நீலக் கட்டங்கள்.

"இந்தத் தண்ணியப் பாத்தாலே தாகம் எடுக்குதுடா," என்றான் அண்ணன். "என்னமா பண்ணியிருக்கான்!"

மறுபடி அழுத்தினேன். மறுபடியும். அவன் ஓடிக்கொண்டே இருந்தான்.

"எவ்வளவு நாளா, அண்ணா?"

"எது?"

"கண்ணு."

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஆறு மாசம். நடுவுல மட்டும்தான் மங்கல். ஓரமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. அவகிட்ட உளறிடாத."

"வண்டி ஓட்டுறியே."

"பன்னெண்டு வருஷமா அதே கிடங்கு. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட ஓட்டுவேன்."

"நேத்து ராத்திரி ஷிஃப்ட்ல ஒன்பதாம் வரிசைலேர்ந்து பதினாலு வரைக்கும் ரேக்கையெல்லாம் நகத்திட்டோம். நீ திரும்புற இடம் இப்போ ஆளுங்க நடக்குற பாதை."

திரையில் அவன் ஆள் முதல்முறையாக நின்றான்.

"சரி," என்றான். "எதை எங்க வெச்சீங்கன்னு வரிசையா சொல்லு. மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மணி ஏழு நாற்பது. அந்தப் பாதையில் என்னைப் போல ஸ்கேனரைப் பார்த்தபடி நடக்கிறவர்கள் பகலில் பன்னிரண்டு பேர். குனிந்த தலை நிமிராது.

நான் ஃபோனை எடுத்துப் பகல் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. "ஆமா சார், என் சொந்த அண்ணன்தான். தெரிஞ்சுதான் சொல்றேன்."

அண்ணன் நினைத்திருந்தால் ஃபோனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. சமையலறையில் குழாய் நின்றிருந்தது. எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். கால் வலித்தது, அவ்வளவுதான்.

"போட்டுக் குடுத்துட்ட."

"ஆமா."

அவன் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. அண்ணி ஈரக்கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தத் தூண் எங்கடா இருக்கு?"

"நேர் எதிர்ல, ரெண்டு அடி. இடது பக்கமா போ."

முட்டாமல் சுற்றிப் போனான். நான் எப்போதும் ஒளியும் இடத்தில் போய் நின்றேன்.