துரை அடுப்புக்கு மூடி

1911ஆம் வருஷம் ஐப்பசியில் முதல் மழை விழுந்த அன்று, ஏரல் நேசையா வீட்டுப் புகைபோக்கி, அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கருங்கோழியை முட்டைகளோடு உறிஞ்சிக்கொண்டது. கூடையில் வைக்கோல்கூடக் கலையவில்லை. கோழி மட்டும் உட்கார்ந்த வாக்கிலேயே எழும்பி, முட்டைகள் வயிற்றுக்கடியில் ஒட்டியபடி கூடத்தைக் கடந்து, சுவரிலிருந்த அடுப்புக்குள் நுழைந்து மேலே போனது. கூரைக்கு மேல் அது சின்னதாகி மறைந்ததைத் தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். அன்று சந்தையில் கோழி விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்த அடுப்பைத் தெரு முழுக்க ‘துரை அடுப்பு’ என்றுதான் சொல்லும். நேசையா இலங்கையில், குளிர்மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அங்கே வெள்ளைக்காரத் துரையின் கூடத்துச் சுவரில் குளிருக்குக் கணப்பு மூட்டும் அடுப்பைக் கண்டு மயங்கி, ஊர் திரும்பியதும் ஓட்டு வீடு கட்டி, அதே மாதிரி ஒன்றைச் செங்கல்லில் எழுப்பிவிட்டார். மார்கழியிலும் மேல்துண்டே அதிகம் என்றிருக்கும் ஏரலில் இது எதற்கு என்று கேட்காத ஆளில்லை. உபதேசியார் தேவசிகாமணி, “ஏன் வே, வெயிலு பத்தலன்னா வீட்டுக்குள்ள சூளை போட்டிருக்கீரு?” என்று வேதக்கோயில் வாசலில் வைத்தே கேட்டார். கேலி பயமாக மாற நாளாகவில்லை. தெருவில் மற்ற வீடெல்லாம் பனையோலை. உயரத்திலிருந்து ஒரு பொறி பறந்தால் ஒரு கூரை மிஞ்சாது. ஆகவே சபையார் கூடி, அந்த அடுப்பில் ஒருநாளும் தீ வைப்பதில்லை என்று நேசையாவிடம் ஆல்டருக்கு முன்னால் வாக்கு வாங்கினார்கள். கொடுத்தார். மூன்று வருஷம் காப்பாற்றவும் செய்தார். துரை வீட்டுக் கணப்பை நாற்காலிப் பக்கத்திலிருந்தே பார்த்தவர், கூரைமேல் ஏறிப் பார்த்ததில்லை. அதனால் அவர் வீட்டுப் புகைபோக்கியின் வாய்க்கு மூடி கிடையாது. ஓட்டைத் துளைத்துக்கொண்டு அது மேலே போகும் இடத்தில் சுற்றிலும் விரல் நுழையும் சந்து. மழைக்கு அங்கே ஒழுகும். கீழே ஒரு சட்டி வைத்திருந்தார்கள்.

கோழிக்குப் பிறகு தேநீரின் ஆவி கோப்பையிலிருந்து கிளம்பி நேராக அடுப்பைப் பார்த்துப் போயிற்று. வெயில் காய்ந்துவிட்டு உள்ளே வந்த பூனை போயிற்று. வெளியே மழையில் குளிரக் குளிர, உள்ளே சூடாக இருந்ததையெல்லாம் அது தேடித் தேடி எடுத்தது. அந்த வீட்டில் எல்லாரையும்விடச் சூடானவள் நேசையாவின் மனைவி சாரம்மாள். அவளுக்கு எட்டு மாசம். இரண்டு உயிரின் சூடு. ஒரு பகலில், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளின் முந்தானை தானாக எழுந்து அடுப்பைச் சுட்டியது. பிறகு சடை. பிறகு குதிகால் தரையை விட்டது.

“இஞ்சேருங்க, என்னைப் பிடிங்க!”

நேசையா பாய்ந்து காலைக் கட்டிக்கொண்டார். அம்மிக் குழவியை மடியில் வைத்த பிறகுதான் அவள் தரையில் நின்றாள். வீட்டைவிட்டே போய்விடலாமென்று வாசலுக்குக் கூட்டிப்போனால், நிலைப்படியில் வைத்து அது அவளைத் திரும்ப இழுத்தது. சுவரைப் பற்றிய அவள் நகங்கள் சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொண்டே வந்தன. அவளை அது அடையாளம் வைத்துக்கொண்டுவிட்டது என்று ஊருக்குப் புரிந்துபோயிற்று.

காயல்பட்டணத்திலிருந்து அகமது மீரானை வரவழைத்தார்கள். தோணிகளுக்கு ஓட்டை அடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லுவார். அடுப்பருகே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் தொப்பி பறந்து உள்ளே போயிற்று. “ஓட்டைன்னா ஓட்டைதான் அண்ணாச்சி. கடல்ல தண்ணி வருது, இங்கன காத்து போவுது. இறுக்கி அடைச்சா எல்லாம் ஒண்ணுதான்,” என்றார். அளவுக்குத் தகடு வெட்ட நேரமில்லை. கோயிலில் அசன விருந்துக்குச் சோறு பொங்கும் பெரிய அண்டாவை எடுத்துவந்து புகைபோக்கியின் தலையில் கவிழ்த்தார்கள். தோணிப் பலகைச் சந்தில் செய்வதுபோல, மீரான் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடித்து ஒரு மயிரிழை விடாமல் இறுக்கினார். வீடு அமைதியானது. சாரம்மாள் குழவியை இறக்கி வைத்தாள். உபதேசியார் வந்து ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார்.

மறுநாள் புகைபோக்கியின் அடியில் ஓடுகள் ஒவ்வொன்றாக எழுந்து பறக்க ஆரம்பித்தன. மேல்வாய் அடைபட்டதும் அது அந்தச் சந்து வழியாக இழுத்தது. மீரான் மறுபடி ஏறினார். ஈயத் தகட்டை மடித்து, ஒரு ஓரத்தைச் செங்கல் இடுக்கில் செருகி, மறு ஓரத்தை மேல்பக்கம் ஓட்டுக்கு அடியிலும் கீழ்ப்பக்கம் ஓட்டுக்கு மேலுமாகப் படியவைத்து, நாலு பக்கமும் தட்டினார். நல்ல வேலை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் வீட்டுக்கு இப்போது மூச்சுவிட ஒரு வழியுமில்லை. கதவுகள் தாமாக அறைந்து சாத்திக்கொண்டன. இரண்டு ஆள் சேர்ந்தும் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் காது அடைத்து மூக்கில் ரத்தம் வந்தது. விட்டங்கள் முனகின. கூரை மொத்தமாக ஒரு சாண் எழும்பி நின்றது. அப்புறம் அண்டா கழன்றது. அது ஆற்றைத் தாண்டிப் பறந்ததை வயலில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். அதே இழுப்பில் சாரம்மாளும் போனாள்.

முழுக்கப் போகவில்லை. புகைபோக்கி குறுகுகிற இடத்தில் வயிறு இடித்து நின்றுவிட்டாள். வெளியே தெரிந்தது கால் மட்டும்தான். நேசையா அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டார். அப்போது அவளுடைய குரல் கூரைக்கு மேலே, புகைபோக்கியின் வாயிலிருந்து, தெரு முழுக்கக் கேட்டது. சமையல்கட்டிலிருந்து கூப்பிடுகிற அதே குரல்.

“பொங்குத பானைய எவளாவது இறுக்கி மூடுவாளா? தள்ளிட்டுப் போவாம என்ன செய்யும்? மீரான் காக்கா, மூடிக்குக் காலு வைங்க. சந்து விட்டு நிக்கட்டும். பையச் செய்யாதிய, பிள்ளை புரளுது!”

மீரான் அழுதுகொண்டே தகரத்தை வெட்டினார். கூம்பு மாதிரி ஒரு மூடி, நாலு இரும்புக் கால். தெருவில் நின்றவர்களைப் பார்த்து அவள் மேலிருந்தே மறுபடி பேசினாள்: “இதுக்குப் பசி. அடுப்புன்னு கட்டிப்போட்டு மூணு வருசமா ஒரு சுள்ளி வைக்கலியே. நான் இறங்குனதும் தீ போடணும். வாக்கை யாரு வாங்குனியளோ அவிய சொல்லுங்க.”

எல்லாரும் தேவசிகாமணியைப் பார்த்தார்கள். அவர் ஓலைக்கூரைகளைப் பார்த்தார். அவருடைய வீடு நேசையா வீட்டுக்கு அடுத்தது. கோடையில் வேய்ந்த புது ஓலை. அவர் மனைவி வாசலில் பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். “பொறி பறக்குமா வே?” என்றார் உபதேசியார், மீரானிடம்.

“காலுக்கு நடுவுல கம்பிச் சல்லடை கட்டுதேன் அண்ணாச்சி. பறக்காது.” கம்பியை வளைத்துக்கொண்டே, “பறக்காதுன்னு நினைக்கேன்,” என்றார்.

“அப்ப ஏத்தும். வாக்கு வாங்குனவன் நாந்தான். மேல கேள்வி வந்தா நான் நின்னு பதில் சொல்லுதேன்.”

மீரான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார். மூடியின் நாலு காலும் செங்கலில் இறங்கி ஆணி பிடித்ததும் இழுப்பு பாதியானது. சாரம்மாள் மெதுவாக வழுக்கி, நேசையாவின் தோளில் இறங்கினாள். முகமெல்லாம் குங்கிலியம். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள். மறுபாதி இழுப்பு அப்போதும் அவள் சடையைத் தூக்கிப் பிடித்திருந்தது. தேவசிகாமணியே உடைந்த விட்டச் சிராயைப் பொறுக்கி அடுக்கிக் கொளுத்தினார். தீ ஒருமுறை நேராக எழுந்து நின்றது. சடை தோளில் விழுந்தது. வெளியே தெரு முழுக்க ஓலைகளை அண்ணாந்து பார்த்தபடி குடத்தோடு நின்றது. சல்லடையில் பொறிகள் மோதி அணைந்தன. மூடிக்கு அடியிலிருந்து நாலு பக்கமும் புகை, அவசரமில்லாமல் வந்தது.

சாரம்மாள் அன்றே உலைப்பானையைக் கூடத்துக்கு மாற்றிவிட்டாள். மார்கழியில் பெண் பிறந்தது. இன்பமணி என்று பெயர் வைத்தார்கள். பெரிய யுத்தம் வந்தது, மண்ணெண்ணெய் தட்டுப்பட்டது, விறகு விலை ஏறியது, பெருவெள்ளத்தில் பாதித் தெரு போயிற்று. அந்த அடுப்பு மட்டும் அணையவில்லை. வருஷத்துக்கொருமுறை மீரான் வந்து, ஈயத் தகட்டின் மடிப்பைத் தட்டிப் பார்த்து, மூடிக் கால்களை அசைத்துப் பார்த்து, கூடத்துக்குள் நுழையாமலே போய்விடுவார்.

பெரிய வெள்ளிக்கிழமை உபவாசத்துக்கு அந்தத் தெருவில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. அந்த அடுப்பு மட்டும் பட்டினி கிடக்கக் கூடாதென்று, அன்று விடிந்ததும் வீட்டுக்கு ஒரு விறகு நேசையா வாசலில் வந்து விழும். உபதேசியார் வீட்டு விறகுதான் முதலில். கோயில் மணி அடித்தாலும் ஒருவரும் கிளம்புவதில்லை. மூடிக்கு அடியில் அந்த விறகின் புகை தெரியும்வரை, தாய்மார்கள் கைப்பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்குவதில்லை.