இடையிசை

வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே அவள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவள் கணவர் பாடிக்கொண்டிருந்தார். காதில் ஐபாட் மாட்டியிருந்ததால் பாட்டும் வாத்தியங்களும் அவருக்கு மட்டும். வீட்டுக்குக் கிடைப்பது அவர் குரல்தான். பல்லவி முடிந்ததும் சிறிது நேரம் மௌனம் வரும். அவர் காதுக்குள் வயலினோ வேறெதுவோ ஓடுகிற நேரம் அது. எந்தப் பாட்டில் அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்பது பதினோரு வருடப் பழக்கத்தில் அவளுக்கு அத்துப்படி. இந்தப் பாட்டில் ஒரு வெங்காயம் நறுக்குகிற நேரம்.

இரண்டாவது வெங்காயமும் முடிந்தது. சரணம் வரவில்லை.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். காதை அடைத்துக்கொண்டிருப்பவருக்கு எங்கே கேட்கப்போகிறது? மூன்றாவதை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அவள் கை நின்றது.

அவர் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெங்காயக் கையோடு தொடக்கூடாது என்று துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் அவர் தோளைத் தொட்டாள். அப்புறம் கன்னத்தை. அப்புறம் மூக்கருகே விரலை வைத்து, வைத்த விரலை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள்.

காதிலிருந்து வயர்களை மெதுவாக எடுத்தாள். அவற்றிலிருந்து கொசு பாடுவதுபோல் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியாது. ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமைகூட தூங்க விடமாட்டியா?" என்றாள் மகள்.

"அப்பா பாடறதை நிறுத்திட்டாரும்மா" என்றாள் அவள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். இதயம் என்றார். வலி தெரிந்திருக்காது என்றார். மேல் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு, நறுக்கிய வெங்காயத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள். எட்டு மணிக்குள் மகள் வந்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், அன்று தன் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேருமாக அவருக்குச் சட்டை மாற்றினார்கள். நகக்கண்களில் இருந்த பச்சை பெயிண்டை மகள் சுரண்டி எடுக்கப் பார்த்தாள்.

"விடு. முப்பத்தஞ்சு வருஷமா நான் சொல்லியே போகாதது."

அவர் பெயிண்டர். வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும், ஒரே ஒருமுறை ஒரு கப்பலின் உள்ளறைகளுக்கும் அடித்தவர். அந்தக் காலத்தில் அவர் ஏணியின் உச்சியில் ஒரு ரேடியோ தொங்கும். அதன் மேல் தெறித்திருந்த புள்ளிகளைக் காட்டி, எது எந்த வீட்டு வரவேற்பறை, எது எந்தக் கல்யாணத்துக்காக அவசரமாக அடித்தது என்றெல்லாம் சொல்வார். பகலெல்லாம் ஏணியில் பாடிய ரேடியோ சாயங்காலம் அவரோடு வீட்டுக்கு வந்து, அதே சத்தத்தில் மறுபடியும் பாடும்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், டெலிபோன் ஆபரேட்டர். எட்டு மணி நேரம் காதில் ஹெட்போன். எந்த வார்டு, எந்த டாக்டர், என் அப்பா எப்படி இருக்கார், கொஞ்சம் லைன்ல இருங்க, கொஞ்சம் லைன்ல இருங்க. வீட்டுக்கு வந்தால் ஸ்பூன் கீழே விழுவதுகூட மண்டைக்குள் இடிக்கும்.

"ஐபாடுன்னு ஒண்ணு ஊரே வெச்சிருக்கே. நீங்களும் ஒண்ணு வாங்கித் தொலைங்களேன். நீங்க பாட்டு கேட்ட மாதிரியும் ஆச்சு, நான் உயிரோட இருந்த மாதிரியும் ஆச்சு."

"ஒருத்தனுக்கு மட்டும் கேட்டா அதுக்குப் பேரு பாட்டு இல்ல" என்பார் அவர். "பல்வலி."

மூன்று வருடம் இதே பேச்சு. அவரிடம் வேலை செய்த பையன்கள்கூட ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டார்கள். நான்கு சுவருக்கு நான்கு பேர், நான்கு பாட்டு. 'கூப்பிட்டா ஒருத்தனும் திரும்பறதில்ல, ஒவ்வொருத்தன் தோளையும் போய்த் தட்டவேண்டியிருக்கு' என்று வீட்டில் வந்து பொருமுவார். மகள் கெஞ்சிப் பார்த்தாள். பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிறேன் என்றாள். "என் ரேடியோ என்னைக்கு நிக்குதோ அன்னைக்குப் பார்க்கலாம்" என்றார். அந்த ரேடியோ நிற்கிற ஜாதியே இல்லை. ஏணியிலிருந்து இரண்டுமுறை விழுந்தும் பாடியது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பெண் போன் செய்து தன் மகன் எப்படியிருக்கிறான் என்று கேட்டாள். வார்டில் யாரும் எடுக்கவில்லை. இவள் லைனிலேயே இருக்கச் சொன்னாள். இடையிடையே "இருக்கீங்களா?" என்று கேட்பாள். அந்தப் பெண் "இருக்கேன்" என்பாள். இருபது நிமிடம் இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் வார்டில் எடுத்தார்கள். இணைத்துவிட்டுத் தன் பக்கத்தைத் துண்டிப்பதற்குள், அந்தப் பெண்ணின் அலறலில் ஒரு துளி இவள் காதில் விழுந்துவிட்டது. ஒரு நொடிகூட இருக்காது.

அன்று வீட்டுக்கு வந்தபோது ரேடியோ முழங்கிக்கொண்டிருந்தது. அவள் நேரே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து வெளியே வந்த பிறகுதான் அவர் கதவைத் திறந்து பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. குழாயை மூடினார். அப்புறம் கூடத்துக்குப் போய் ரேடியோவை நிறுத்தினார்.

மறுநாள் சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு பெயிண்ட் சட்டையோடு கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் வெள்ளை ஐபாட் ஒன்றை எடுத்துக் காட்டினாளாம். "இதுவா வெள்ளை? இதுல ஒரு சொட்டு நீலம் விட்டிருக்காங்க" என்று இவர் அங்கேயே ஆரம்பித்துவிட்டாராம். சிரிப்பை அடக்க முடியாமல் மகள் கடைக்கு வெளியே போய் நின்றாளாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"தோத்துட்டேன். திருப்தியா?"

"உங்களை யாரு இப்ப வாங்கச் சொன்னது?" என்றாள் அவள். மூன்று வருடம் சொன்னவளே அவள்தான்.

மகள் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டுகளை ஏற்றிக்கொடுத்தாள். ரேடியோ பரணுக்குப் போனது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தடித்த விரலால் அந்த வட்டத்தைத் தடவித் தடவி ஒரு பாட்டைக் கண்டுபிடித்தார். வீடு முழுக்க அமைதி. அவளுக்கு அந்த அமைதி வெந்நீரில் காலை வைத்ததுபோல் இருந்தது. ஐந்து நிமிடம்தான். ஆறாவது நிமிடம் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

திருமணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவர் ஒரு வரி பாடி அவள் கேட்டதில்லை. ரேடியோ பாடும்போது அவர் வாயை மூடிக்கொண்டு கேட்பவர். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, தான் பாடுவதே தெரியாமல், சுருதி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்ட குரலில் உருகி உருகிப் பாடினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா!" என்று அவள் எழுந்தபோது அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"சொல்லாதே."

"உனக்குத் தலை வலிக்குமேம்மா?"

"சொன்னா நிறுத்திடுவாரு."

அதுதான் அந்த வீட்டின் ரகசியமாக இருந்தது. பதினோரு வருடம். மேல் வீட்டுக்காரிக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

மதியத்துக்குள் துக்கத்துக்கு வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவரோடு கடைசிவரை வேலை செய்த ரோலர் சுவரோரமாக நின்றான். பிரஷ்ஷைத் தொடாமல் எல்லாவற்றையும் ரோலராலேயே முடிக்கிறவன் என்று அவர் வைத்த பெயர். ஐம்பது வயதிலும் அதுவே நிலைத்துவிட்டது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

ஜன்னல் திட்டில் ஐபாட் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை மகள்தான் கவனித்தாள்.

"அம்மா, கடைசியா எந்தப் பாட்டும்மா பாடினாரு?"

அவளுக்குப் பெயர் தெரியாது. நினைவிருந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள். மகள் கண்ணருகே பிடித்துத் தேடி எடுத்து, வயரைக் கழற்றிவிட்டுச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டினாள். வயலின்கள் சேர்ந்து எழுந்தன. யாரோ ஒருவர் கணீரென்று, ஒரு பிசிறும் இல்லாமல் பாடினார். வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது இல்ல."

"இதேதாம்மா. வார்த்தையைக் கேளு."

பல்லவி முடிந்தது. புல்லாங்குழல் வந்தது. ஒரு வெங்காயத்தின் நேரம் அது வாசித்தது. பிறகு சரணம் வந்தது. இத்தனை வருடம் அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் இருந்திருக்கிறது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"நல்லாத்தான் பாடறாரு" என்றாள். "நிறுத்திடும்மா."

மகள் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மேல் வீட்டுக்காரி அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் ரோலரைப் பார்த்தாள். "வேலை செய்யற எடத்துலயும் பாடுவாரா?"

"பாடாம? மூணு மாடிக்குக் கேக்கும் அண்ணி."

"நீங்களும் யாரும் சொல்லலையா?"

ரோலர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. அப்புறம் சொன்னான்.

"மொத வாரமே நான் சொல்லிட்டேன் அண்ணி. 'அண்ணே, வெளிய கேக்குது, ஆளுங்க சிரிக்கறாங்க'ன்னு. அப்படியே வயரைப் பிடுங்கிட்டாரு. காதெல்லாம் செவந்துபோச்சு. 'அப்ப வீட்லயும் கேட்டிருக்குமே'ன்னாரு. திரும்ப ஏணியில ஏறி அடிக்க ஆரம்பிச்சாரு."

"அப்புறம்?"

"ஒரு சுவர் முடிச்சிட்டு எறங்கி வந்தாரு. 'எனக்குத் தெரியும்னு வீட்ல சொல்லிடாதேடா'ன்னாரு. 'அவ கேட்டுட்டு இருக்கா'ன்னாரு."

அவள் எழுந்து போய், ஜன்னலோர நாற்காலியில் யாரோ வைத்திருந்த பைகளை எடுத்துக் கீழே வைத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வண்டிக்காரர்கள் இரண்டு பேரும், ரோலரும், கீழ் வீட்டுக்காரரும் தூக்கினார்கள். அவள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். படிக்கட்டுச் சுவர்களுக்குப் போன மாதம்தான் அவர் வெள்ளை அடித்திருந்தார். யாரும் கேட்காமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், தனியாக. இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடம் போதவில்லை.

"இடது பக்கம் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்" என்றார் வண்டிக்காரர். ஸ்ட்ரெச்சரின் இரும்பு முனை சுவரை நோக்கிச் சாய்ந்தது.

"பார்த்துங்க" என்றாள் அவள். "சுவர்ல பட்டுடப் போகுது."

அதற்குள் ரோலர் தன் ஒரு கையை எடுத்து இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் வைத்திருந்தான். முனை அவன் புறங்கையை உரசியபடி மெதுவாகத் திரும்பியது. அவர்கள் கீழே இறங்கினார்கள். சுவரில் ஒரு கீறலும் விழவில்லை.