தோல் மண்டியில் ஒரு சிவப்பு அம்பு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரயிலேறி, ஏதாவது ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போய்விடுவாள் ஹெலன். வேலூர்க் கோட்டைக்குள் கல்யாண மண்டபத் தூண்களை ஒருநாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். அதெல்லாம் ஆசைக்கு. இன்று வாணியம்பாடிக்கு வந்தது வயிற்றெரிச்சலுக்கு.

பாழடைந்து கிடந்த தோல் மண்டியை நூலகமாக மாற்றியிருந்தார்கள். அதற்கு வரைபடம் போட்டவள் ஜெனிஃபா. பாலிடெக்னிக்கில் ஹெலனுக்குப் பக்கத்து மேஜை. அங்கே ஹெலன்தான் முதல். ஜெனிஃபா அவளைப் பார்த்து வரைந்தவள். அப்புறம் ஜெனிஃபா ஆர்க்கிடெக்ட்டுக்குப் படிக்கச் சென்னைக்குப் போனாள். ஹெலன் கல்யாணமாகி ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங்கிற்குப் போனாள். ஷூவைக் கையில் வாங்கியதுமே குறை கண்ணில் பட்டுவிடும், பட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு.

இந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், இன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்கும்.

கிடைத்தால்தானே! தோல் காயவைத்த மரச்சட்டங்களையே புத்தக அலமாரியாக்கியிருந்தாள் பாவி. வெயில் சுண்ணாம்புச் சுவரில் பட்டுக் கண் கூசாமல் மேஜைக்கு வந்தது. ஹெலன் தொட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், குனிந்தும் பார்த்தாள். இரண்டு மணி நேரமாக அந்தச் சனியன் பிடித்த கட்டடம் அழகாகவே இருந்தது.

மாடியில் கடைசி ஜன்னலில் மாட்டியது. சட்டம் வலப்பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. ஹெலனுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துபோயிற்று. கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் தாளிலிருந்து ஓர் அம்பை உரித்து, சரியாக அந்த மூலையில் ஒட்டினாள்.

பின்னாலேயே ஒரு குடும்பம் வந்தது. "அம்பு போட்ருக்காங்க பாரு. இங்க நின்னு பாக்கணும் போல," என்றாள் அந்த அம்மாள். எட்டிப் பார்த்தார்கள். "இன்னா அழகு! மலை முழுசா தெரியுதே!" வரிசை கட்டி நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஹெலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஹெலன்! நீயாடி?"

ஜெனிஃபாவேதான். ஓடிவந்தவளின் கண் அம்பில் நின்றது. அவளும் ஆம்பூரில் பிறந்தவள்தான், ஷூ கம்பெனி அம்பு என்னவென்று சொல்லவா வேண்டும்? விரலால் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஆமாண்டி, இறங்கித்தான் இருக்கு. தெறந்து ரெண்டு மாசமாச்சு. வர்றவங்க எல்லாம் சூப்பர்னுட்டுப் போறாங்க, ஒருத்தர்கூட இதச் சொல்லல. வேற எங்கெங்க ஒட்டின? காட்டு, நாளைக்கே ஆள வரச்சொல்றேன்."

வெளிச்சம் கம்மி, படி உயரம் ஜாஸ்தி என்று எதையாவது அளந்துவிட்டிருக்கலாம். ஆனால் நல்ல ஷூவில் அம்பு ஒட்டிய பாவம் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் செய்ததில்லை.

"வேற எங்கயும் இல்ல," என்றாள் தரையைப் பார்த்து. "மிச்சமெல்லாம் பாஸ்."

"நீ சொன்னா போதும்டி எனக்கு," என்று ஜெனிஃபா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை.

நல்லவளாக இருப்பதையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று அந்தக் கையை உதறத் தோன்றியது ஹெலனுக்கு.