யாரும் சொல்லித்தராத இறந்தகாலம்

ஸுபத்ராவுக்குச் சந்தேகம் வரக் காரணமே தேவையில்லை. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பாள். அப்பேர்ப்பட்டவள் 2008-ல் ஷாரோனோடு சேர்ந்து ஜெர்மன் படிக்க உட்கார்ந்ததே பெரிய விஷயம்.

வேறு வழியில்லை. அவள் கணவன் கோவர்தன் ஸ்டுட்கார்ட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஷாரோனின் கணவன் சத்யராஜ் ஹாம்பர்க்கில் ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். ஜெர்மன் பரீட்சையில் தேறினால்தான் மனைவிக்கு விசா என்று அங்கே சட்டம் வந்திருந்தது. கல்யாணமான கையோடு கணவனை வழியனுப்பிவிட்டுப் போனிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த இருவருக்கும் அந்தப் பரீட்சை ஒன்றுதான் வழி. பெரிய காஞ்சிபுரத்தில் வகுப்பு எடுத்தவர் பாதியில் ஊரைவிட்டுப் போய்விட்டார். அதனால் சின்ன காஞ்சிபுரத்தில் ஸுபத்ரா வீட்டு மாடியில் இருவரும் தாங்களாகவே படித்தார்கள்.

ஸுபத்ராவுக்குத் தெரிந்தது ஒரே முறைதான். அவள் வீட்டில் பாசுரம் படிப்பதைச் 'சந்தை சொல்வது' என்பார்கள். சொல்லித்தருபவர் ஒருதரம் சொல்வார், படிக்கிறவர் அதை இரண்டுதரம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லித்தராத வரியை முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னால் திட்டு விழும். ஜெர்மன் வினைச்சொற்களையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். "மாஹென், மாஹ்தெ" என்று செய்வதையும் செய்ததையும் அவள் ஒருதரம் சொல்ல, ஷாரோன் இரண்டுதரம் சொல்வாள். அடுத்தது "லெர்னென், லெர்ன்தெ": படிப்பது, படித்தது.

ஒழுங்கான வினைகளுக்கு எல்லாம் ஒரே வால். இங்கிலீஷில் 'வாக்' என்பதை 'வாக்ட்' ஆக்குகிற அதே வால், ஜெர்மனில் 'தெ'. டச்சு, ஸ்வீடிஷ் என்று பங்காளி மொழிகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு உருவத்தில் இது உண்டு என்று பழைய வாத்தியார் சொல்லியிருந்தார். ஸுபத்ரா அதைக் காதில் வாங்கியதோடு சரி. அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வாயில் ஏற வேண்டும்.

ஒருநாள் அவள் "கோஹென்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். சமைப்பது என்று அர்த்தம்.

"கோஹ்தெ" என்றாள் ஷாரோன்.

ஸுபத்ரா டம்ளரைக் கீழே வைத்தாள். "இதை நான் இன்னும் சொல்லவே இல்லையே. உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்லக்கா. எல்லாத்துக்கும் அதே வாலுதானே. நானே ஒட்டிக்கினு போறேன்."

சொல்லித்தராத ஒன்று ஒருத்தி வாயில் எப்படி வரும்? இவளுக்கு வேறு யாரோ சொல்லித்தருகிறார்கள். அல்லது கேள்வித்தாளே கைக்கு வந்துவிட்டது. அன்று முதல் ஸுபத்ரா வேவு பார்க்க ஆரம்பித்தாள். போவது 'கேஹென்', அதற்கு இறந்தகாலம் 'கிங்'. அது ஒழுங்கில்லாத வினை. ஷாரோன் அதற்கும் வாலை ஒட்டி "கேஹ்தெ" என்று தப்பாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேள்வித்தாள் வைத்திருப்பவள் இப்படி உளறுவாளா என்று வேறு யாரானாலும் யோசித்திருப்பார்கள். நம்மை ஏமாற்றத்தான் உளறுகிறாள் என்று ஸுபத்ரா முடிவு கட்டினாள்.

அடுத்த வாரம் காமாட்சியம்மன் கோயில் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஷாரோனைப் பார்த்துவிட்டாள். கம்ப்யூட்டர் திரையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவள் ஏதோ சொல்ல, ஷாரோன் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவி சத்யராஜ் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. கேட்டிருந்தால் ஷாரோனே சொல்லியிருப்பாள். ஸுபத்ராவுக்குக் கேட்கிற வழக்கமில்லை, கண்டுபிடிக்கிற வழக்கம்தான். தொண்டை வறளப் படித்த நான் இங்கேயே கிடக்க, குறுக்கு வழியில் போகிறவள் முதலில் விமானம் ஏறுவதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் டெலிபோன் பூத்திலிருந்து சென்னைத் தேர்வு மையத்துக்குப் பேசினாள். காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஷாரோன் என்ற பெண்ணிடம் கேள்வித்தாள் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பெயர் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கு இருவர் இருவராக உள்ளே போக வேண்டும். ஸுபத்ராவும் ஷாரோனும் ஒரே ஜோடி. தேர்வாளர் அம்மாள் வழக்கமான கேள்விகளை மூடி வைத்துவிட்டு, "ப்ளோமென்" என்றாள். "இன்றைக்கு ஒருவன் இதைச் செய்கிறான். நேற்று?"

"ப்ளோம்தெ" என்றாள் ஷாரோன்.

அடுத்தது ஸுபத்ராவுக்கு. "ட்ரிஸ்கென்."

"அப்படி ஒரு சொல் கிடையாது" என்றாள் ஸுபத்ரா.

"கிடையாதுதான். இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்?"

இதில் என்ன பொறி வைத்திருக்கிறாள் என்று தேடுவதிலேயே ஸுபத்ராவுக்கு நேரம் போயிற்று. வாயில் ஏறாத சொல் வாயிலிருந்து வரவில்லை. அதன் பிறகு தெரிந்த சொற்களும் தடுமாறின. எதைக் கேட்டாலும் அதிலும் ஏதோ இருக்கிறது என்று பயந்தாள். சாயங்காலம் ஒட்டிய முடிவில் ஷாரோனின் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. கோவர்தனிடம் என்ன சொல்வது என்று நினைத்து, அங்கேயே வராந்தாவில் நின்று அழுதாள்.

பஸ்ஸில் ஷாரோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "அழாதீங்கக்கா, மறுபடி எழுதிக்கலாம். எல்லாம் என்னாலதான். யாரோ போன் பண்ணி எங்கிட்ட கேள்வித்தாள் இருக்குதுன்னு சொன்னாங்களாம். அதான் இல்லாத வார்த்தையா கேட்டாங்களாம். அந்தம்மாவே அப்புறம் எங்கிட்ட சொன்னாங்க."

"யாராம்?"

"பொம்பளை குரலாம். என் மாமியாரா இருக்குமோ? நான் போறது அவங்களுக்குப் பிடிக்கல. ஆனா அவங்களுக்கு இங்கிலீஷ் வராது." ஷாரோன் யோசித்தாள். "தோத்துட்டா மானம் போயிடும்னு தேதியை யாருக்குமே சொல்லலக்கா. எங்கம்மாகிட்ட கூட டாக்டரைப் பாக்கப் போறேன்னுதான் சொல்லிக்கினு வந்தேன். உங்களுக்கு மட்டும்தான்..."

அதோடு நிறுத்திவிட்டாள்.

"இந்தக் காலத்துல யாரைத்தான் நம்பறது, சொல்லு" என்றாள் ஸுபத்ரா.

ஷாரோன் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் போனது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "வரேங்க" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.