தங்கை வீட்டு அடுப்படி

குலுக்கலில் மாதிரி வீடு என் தங்கைக்கு விழுந்தது என்று மைக்கில் சொன்னபோது நானும் கை தட்டினேன். தட்டாமல் எப்படி இருப்பது, சுற்றிலும் எல்லாரும் தெரிந்தவர்கள். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வயிறு பற்றி எரிந்தது.

யாருக்கு வீடு கிடைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு வேறு எத்தனையோ பேருக்கு விழுந்தது, அவர்களுக்கெல்லாம் மனதாரத்தான் கை தட்டினேன். ஆனால் அந்த மாதிரி வீட்டுக்கு டைல்ஸ் போட்டவர் என் வீட்டுக்காரர். டைல்ஸுக்கு நடுவே ஜாயின்ட் அடைத்தவள் நான். குறைந்த வருமானக்காரர்களுக்காக மத்திய அரசு பணம் கொடுத்து, வீட்டுவசதித் துறை கட்டும் அடுக்குமாடி அது. இப்படிக் கட்டும்போது, மற்ற வீடுகள் வெறும் செங்கல்லாக நிற்கையிலேயே முதல் மாடியில் ஒன்றை மட்டும் முழுதாக முடித்துவிடுவார்கள். வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் அதைத்தான் திறந்து காட்டுவார்கள். அதனால் அதற்கு மட்டும் நல்ல சரக்கு, நல்ல கை.

அந்த அடுப்படி மேடையின் விளிம்பில் இரண்டு டைல்ஸ் சேருமிடத்தை அவர் சாய்வாக அறுத்து, உரசி உரசிப் பொருத்தினார். விரலை வைத்து இழுத்தால் எங்கும் தட்டாது. நான் ஜாயின்ட் பவுடரைக் குழைத்து, ரப்பர் தகட்டால் அடைத்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு ஒவ்வொன்றையும் விரலாலேயே நீவி விட்டேன். அந்த வாரம் முழுக்க என் விரல் நுனியில் தோல் இல்லை. யாருக்கோ செய்கிற மாதிரியா செய்தேன்? எங்கள் பெயரும் குலுக்கலில் இருந்ததே.

எங்களுக்கும் விழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பி பிளாக், மூன்றாவது மாடி. பி பிளாக்கில் அப்போது தரைத் தளத்துத் தூண்கள் மட்டும்தான் நின்றன. எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் காக்கா பறந்துகொண்டிருந்தது.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பேருந்தில் ஜன்னல் சீட் அவளுக்கு. இரண்டு பேருக்கும் சேர்ந்து காய்ச்சல் வந்தால் அவளுக்குத்தான் முதலில் இறங்கும். இப்போது வீட்டுவசதித் துறை அலுவலகத்திலேயே கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை. அந்தச் செல்வாக்கில்தான் மாதிரி வீடு விழுந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நினைக்காமலும் இல்லை. அவள் வேலை நிரந்தரமில்லை, சம்பளமும் எங்களைவிடக் கொஞ்சம்தான் கூட என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

குடிபோன கையோடு அவள் ஒரு காரியம் செய்தாள். அடுப்படிச் சுவரில், நட்டநடு டைல்ஸில், காலண்டர் மாட்ட ஆணி அடித்தாள். டைல்ஸ் கீறல் விட்டது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன், பரவாயில்லை அக்கா, காலண்டர் மறைத்துவிடும் என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து வீட்டில் கத்தினேன். உன் மண்டையிலா ஆணி அடித்தாள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

எங்கள் வாடகை வீடு ஒரே அறை. மகள் வளர்ந்துவிட்டாள். உடை மாற்ற வேண்டுமென்றால் பீரோக் கதவை அகலத் திறந்து அதன் பின்னால் நின்றுகொள்வாள். அவள் அப்பா அந்த நேரம் எழுந்து வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மழை பெய்தாலும் போவார். பி பிளாக் வரைபடத்தில் கதவு வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. எனக்கு வீடு என்றால் அந்தக் கதவுதான். வீடு முடியும்வரை எங்கள் வாடகையில் ஒரு பங்கை அரசு கொடுத்துவந்தது. அது இருந்ததால்தான் அந்த ஒற்றை அறையாவது எங்கள் கையில் இருந்தது.

பி பிளாக் ஒரு மாடி ஏறியது. அத்தோடு நின்றது. சைட் இன்ஜினியருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘ஆகிடும் சார்’. சிமென்ட் வரவில்லை என்றாலும், தண்ணீர் லாரி வரவில்லை என்றாலும், கூலி வரவில்லை என்றாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நிதியாண்டு முடியப் போகிற சமயத்தில் அவர் பி பிளாக் குடும்பங்களைச் சைட்டுக்குக் கூப்பிட்டார். அடுத்த மத்திய பட்ஜெட்டில் வீட்டுத் திட்டத்துக்குப் பெரிய வெட்டு விழப் போகிறதாம், எல்லாப் பத்திரிகையிலும் அதே பேச்சாம். போதாததற்கு, இந்த வருடம் ஒதுக்கியதில் செலவாகாத பணம் அப்படியே மேலே திரும்பிப் போய்விடுமாம். முடிந்த வீட்டுக்கு மட்டும்தான் அரசு பணம் விடும். முடிந்தது என்பதற்கு ஆதாரம் ஒரு படம். குடும்பத்தோடு அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டும். ஆகவே எல்லாரும் மாதிரி வீட்டில் போய் நிற்போம், படம் எடுத்து அனுப்புவோம், முதலில் பணத்தை வாங்கி வைப்போம், வீட்டைப் பின்னால் கட்டிக்கொள்வோம் என்றார்.

யாரும் மறுக்கவில்லை. எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை. பாதி வேலையில் ‘முடிந்தது’ என்று எழுதி வாங்கினால்தான் மீதி வேலைக்குச் சரக்கு இறங்கும். என் வீட்டுக்காரர் எத்தனையோ குளியலறைகளை அப்படி முடித்திருக்கிறார். எழுதி வாங்கியதைப் பிறகு உண்மையாக்கிவிடுவோம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். காபி வேண்டாம் என்றாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“அக்கா, நீ அந்தப் படத்துல நிக்காத,” என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

“படத்தை ஏத்துறதே நாங்கதான். ஏத்தினா வீடு முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டர்ல பதிவு விழுந்துடும். அப்புறம் அதை மாத்த எங்ககிட்ட வழி இல்லக்கா. உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வராம இருந்துடு.”

மற்ற எல்லாரும் அவள் வீட்டில் வந்து நிற்கலாம், நான் மட்டும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது. நானும் அவளைப்போல ஒரு வீட்டுக்காரி ஆகிவிடுவேன் என்று அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது என்று நினைத்தேன்.

“உன் அடுப்படியில நான் ஒரு நிமிஷம் நிக்கிறது உனக்குப் பொறுக்கலையா?”

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. பொய் சொல்ல மாட்டேன், பார்க்க எனக்கு இதமாக இருந்தது. இதற்கு மேல் பேசினால் என் வேலை போய்விடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். உங்கள் மச்சினி சொன்னால் உங்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றேன். அவர் எழுந்து டைல்ஸ் அறுக்கும் கட்டரைத் துடைக்கப் போய்விட்டார்.

படம் எடுத்த அன்று மாதிரி வீட்டுப் படிக்கட்டில் குடும்பம் குடும்பமாக வரிசை நின்றது. இருந்ததில் நல்ல உடுப்பாகப் பார்த்து எல்லாரும் போட்டு வந்திருந்தார்கள். தங்கை வேலைக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டு, தன் வீட்டிலேயே எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தபோது மகளைக் காணோம். தேடினால், தங்கை மகனின் அறைக்குள் இருக்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு. கூப்பிட்டதற்கு இரும்மா வருகிறேன் என்றாள். கதவைத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை, நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். நான் மறுபடி கதவைச் சாத்திவிட்டு, படம் எடுப்பவரிடம் இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.

அவள் வந்ததும் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சீராக விழுந்தது. இன்னொரு கையை மேடை விளிம்பில் வைத்தேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் மகள். சிரிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்குத் தானாக வந்தது. முடித்து வெளியே வரும்போது அடுத்த குடும்பத்துப் பெண் கைப்பையைச் சுவரில் உரசிக்கொண்டு போனாள். சுவரைப் பார்த்துப் போகும்படி அதட்டினேன். அவள் என்னையே வீட்டுக்காரி என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள். நான் திருத்தவில்லை.

பணம் வந்தது. வந்த பணம் மாதிரி வீடு இருக்கிற ஏ பிளாக்குக்கு இறக்கிய கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் பழைய பாக்கியாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் கூலி பாக்கியும் அதில்தான் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பி பிளாக்குக்குப் புதுப் பட்ஜெட்டில் வாங்கிக்கொள்ளலாம், ஆகிடும் என்றார் ஆகிடும் சார். நாங்களும் நம்பினோம்.

பட்ஜெட் அன்று மதியம் வேலையை நிறுத்திவிட்டு ஆகிடும் சாருடைய போனைச் சுற்றி நின்றோம். நிதியமைச்சர் நல்ல குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வீட்டுத் திட்டம் குறித்த காலத்துக்கு முன்பே இலக்கை எட்டிவிட்டதாம். ஒதுக்கிய வீடுகளெல்லாம் முடிந்து குடும்பங்கள் குடியேறிவிட்டனவாம். அடுத்து வரும் ஆண்டுகளிலும் இனி அவ்வளவு பணம் தேவைப்படாது என்பதால் ஒதுக்கீடு குறைக்கப்படுகிறதாம். அவையில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் ஆகிடும் சார் முகத்தைப் பார்த்தோம், ஈயாடவில்லை. கம்பி கட்டுகிறவர் மெதுவாக, ஆகிடுமா சார் என்று கேட்டார். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போயிற்று என்றால், தங்கை வீட்டுக்குத்தான் போயிற்று. வெட்டுத்தான் வெட்டினார்கள், அவள் வீட்டையும் சேர்த்து வெட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அவளுக்குச் சாவி கையில் கொடுத்தாகிவிட்டது. எந்த பட்ஜெட்டும் இனி அவளை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த மாதம் எங்களுக்கு வாடகை உதவி வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வீட்டு ஓனர் முதலில் நல்லபடியாகக் கேட்டார், பிறகு வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். நான் வீட்டுவசதித் துறைக்குப் போனேன். டோக்கன் எடுத்து வரிசையில் நின்றேன். அந்தப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது என் தங்கை ஒருத்திதான்.

என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். வாடகை உதவி நின்றுவிட்டது, மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோலச் சொன்னேன். என் எண்ணை அவள் கேட்கவில்லை, மனப்பாடமாகவே அடித்தாள்.

“சொந்த வீடு இருக்குன்னு காட்டுதுக்கா. அதனால வாடகை உதவி வராது. புதுசா வீட்டுக்கும் மனு போட முடியாது,” என்றாள்.

நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

“பாப்பா கொஞ்ச நாள் எங்க வீட்டுல இருக்கட்டும்க்கா,” என்றாள் மெதுவாக.

மகளிடம் இதைச் சொன்னால் அவள் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று தெரியும். அதுதான் தாங்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, எங்கே, எனக்குக் காட்டு என்றேன். அவள் தயங்கிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள்.

பி பிளாக், மூன்றாவது மாடி. பணி முடிந்தது. குடும்பம் குடியேறியது. கீழே படம்.

படத்தில் ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள். இன்னொரு கையை மேடையில் ஊன்றியிருக்கிறாள், சொந்த மேடையில் ஊன்றுகிற உரிமையோடு. பக்கத்தில் புருஷன். மகள் தலை வாரி, முகம் மலர்ந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு அறையின் கதவு தெரிகிறது. அந்தப் பெண்ணின் சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது, அவளை யாரும் காலி செய்யச் சொல்லப் போவதில்லை. மூன்றாவது மாடியில், காற்றும் வெளிச்சமுமாக, அவளுக்கு வீடு இருக்கிறது.

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். தங்கை என்னவோ சொன்னாள், காதில் ஏறவில்லை. நான் திரையில் இருந்தவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று என் வயிறு எரிந்தது.