மைக்ராஸ்கோப்பில் முதல் பார்வை

காபியைக் கையில் வாங்கிய தலைமையாசிரியர் சத்தியநாதன் அதைக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்பது சொர்ணலட்சுமிக்குப் புரிந்தது. அவள் அம்மா கதவோரம் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மைக்ராஸ்கோப் விழாவுல நீங்க பின் ரூம்ல இருந்துக்கோங்க டீச்சர்," என்றார் ஒருவழியாக. "வாங்கிக் கொடுத்தவுக வீட்டுல அப்படி நினைக்காக."

நினைத்தது தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரையின் தாயார் அய்யம்மாள். கருவியில் முதலில் கண் வைப்பது சுமங்கலியாக இருக்க வேண்டும், தன் மருமகள் சுப்புலட்சுமிதான் பார்க்க வேண்டும், தாலி இழந்தவள் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் சத்தியநாதனுக்கு இந்தச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு முதலாளி இன்னும் இரண்டு வகுப்பறை கட்டித் தருவார் என்பதில் அசையாத நம்பிக்கை இருந்தது.

சொர்ணலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரையிலிருந்து சிவகாசி வரை ரயிலில் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தவளே அவள்தான். தன் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க அதன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. சிரித்தாளே தவிர, வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் பின் அறைக்குள் நுழைந்தவள் திகைத்துப் போனாள். அங்கே வெள்ளைச் சேலையில் அய்யம்மாளே உட்கார்ந்திருந்தாள். அவளும் கணவனை இழந்தவள்தான். ஊருக்குப் போட்ட சட்டத்தைத் தனக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளாத மனுஷி.

சும்மா இருக்கப் பிடிக்காமல், அந்தக் கருவி என்னத்தைத்தான் காட்டும் என்று கேட்டாள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான், அந்த அளவில் இருக்கும் சங்கதிகளை எல்லாம் பார்க்கலாம் என்றாள் சொர்ணலட்சுமி. புது மீட்டர் கணக்கு அய்யம்மாளுக்குப் பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்தது தச்சர் கணக்கு, எட்டு நூல் ஓர் இஞ்சு. ஒரு நூலுக்குள் மூவாயிரம் மைக்ரான் அடங்கும் என்றதும் வாயைப் பிளந்தாள்.

"நூலுக்கும் கீள அம்புட்டு அளவு இருக்கா?"

வெளியே கூத்து நடந்துகொண்டிருந்தது. குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றிய மைக்ராஸ்கோப்பில் சுப்புலட்சுமி குனிந்தாள். ஒரே இருட்டு. அடுத்துக் குனிந்த வெள்ளைத்துரை, உடம்பெல்லாம் மயிரோடு ஒரு பூச்சி தெரிவதாக அறிவித்தார். அது அவருடைய கண்ணிமை மயிர். வந்த பெரிய மனிதர்கள் வரிசையாகக் குனிந்து பூச்சியைப் பாராட்டினார்கள். சத்தியநாதனும் பாராட்டினார். சுப்புலட்சுமிக்குத்தான் பொய் சொல்ல வரவில்லை. தனக்கு ஒன்றும் தெரியவில்லை, திருப்பத் தெரிந்த டீச்சரைக் கூப்பிடுங்கள் என்று பிடிவாதமாக நின்றாள்.

சொர்ணலட்சுமி வந்து கும்பிட்டாள். "சரி பண்ணித் தாரேன். ஆனா நான் பாத்துத் திருப்பி வச்சாத்தான் உங்களுக்குத் தெரியும். அப்ப முதல்ல பாக்கிறது நானாத்தான் இருப்பேன். சம்மதமா?"

எல்லார் கண்களும் பின் அறை வாசலுக்குப் போயின. அங்கே வந்து நின்ற அய்யம்மாள் மருமகளைப் பார்த்தாள், மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள்.

"பாரு தாயி," என்றாள்.

சொர்ணலட்சுமி கருவியின் அடியில் இருந்த கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, அவசரப்படாமல் திருகினாள். பார்வைக்கு வைத்திருந்த வெங்காயச் சவ்வு செங்கல் சுவராகக் கட்டம் கட்டமாக எழுந்தது. நிமிர்ந்தவள் சுப்புலட்சுமியைக் கூப்பிடவில்லை.

"பெரியம்மா, நீங்க வாங்க."

"நானா?"

கேட்டாளே ஒழிய, கால்கள் முன்னால் வந்துவிட்டன. குனிந்த அய்யம்மாள் அப்படியே அசையாமல் நின்றாள். ஆயுசு பூரா வெங்காயம் உரித்தும் அதற்குள் இத்தனை வீடு இருப்பது தெரியாமல் போயிற்றே என்று முணுமுணுத்தாள். நேரம் போனது. வெள்ளைத்துரை கனைத்தார். சுமங்கலிகள் வரிசையில் கால் மாற்றி நின்றார்கள்.

"அத்தை, எனக்கு?" என்றாள் சுப்புலட்சுமி.

அய்யம்மாள் கண்ணை எடுக்கவில்லை.

"முப்பது வருசமா நான் பின்னாலதான நின்னேன். நீ செத்த நேரம் நில்லு தாயி."